பின்சுவரில் எடுத்த பொடி

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் ஒழுங்காக வருமா, வெளிச்சம் இருக்குமா என்று கேட்பார்கள். இவர்கள் இருவரும் மாடியில் நீளமான அறை ஒன்று உண்டா என்று மட்டும் கேட்டார்கள். உண்டு என்றார் தரகர். அதோடு வீடு முடிவாகிவிட்டது. தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் விட்டது, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தெருக்கோடியில் வெகுகாலம் பூட்டிக் கிடந்த பழைய வீடு. தூறல் விழுந்துகொண்டிருந்த காலை. சாமான் இறக்க வந்தவர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பலம் கூட்டித் தூக்கினார். அது கையோடு துள்ளி வந்ததில் தடுமாறி, என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். உள்ளே பாசி படிந்த கருங்கல் சுவர்கள், உடைந்த தூண்கள், வளைந்து இறங்கும் படிக்கட்டு, ஒரு பாலம். எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் அளவில்.

"பார்த்தா கல்லு, தூக்கினா காத்து. என்னம்மா இது?"

"நிலவறைங்க" என்றாள் அவள்.

"அப்ப இதைக் கீழ வெக்கணுமா, மேல வெக்கணுமா?"

"மேலதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே படியேறினார். பணக்காரர்களுக்கு வரும் பைத்தியம் இப்போது வாடகைக்கு இருப்பவர்களுக்கும் வர ஆரம்பித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

அவள் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்துகொடுக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குப் பல் கட்டுவாள். மிச்ச நேரத்தில் ஃபோம் அட்டையை அறுத்து இடிந்த கோட்டைகள் கட்டுவாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி விளையாடும் கதை விளையாட்டுக்கு அவை வேண்டும். இரண்டு விரல் உயர பொம்மைகள் அந்தச் சுவர்களுக்கு நடுவே நடக்கும், சண்டை போடும், சாகும். ஓயாமல் கட்டிக்கொண்டிருந்ததால் கணவன் அவளுக்கு மேஸ்திரி என்று பேர் வைத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வாய் ஓயாது. ஆகவே ஊர் அவனுக்கு ரேடியோ என்று பேர் வைத்தது. கணக்கு சரியாகிவிட்டது.

சாவியைக் கொடுக்கும்போது தரகர் ஒன்று சொன்னார். "சுவத்துல மட்டும் ஒண்ணும் அடிச்சிடாதீங்க. வீட்டுக்காரருக்குப் பிடிக்காது."

எல்லா வீட்டுக்காரர்களும் சொல்வதுதான். எந்த வாடகைக்காரர் கேட்டிருக்கிறார்?

திகில் கதை என்றால் பாதி ராத்திரியில் நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் நடந்தது எல்லாம் பகலில் நடந்தது. ராத்திரிகளில் இருவரும் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார்கள்.

மாடியறையின் பின்சுவரில் பலகை அடிக்க ரேடியோ டிரில் மிஷினை எடுத்தான். அந்தச் சுவருக்கு அப்பால் வேறு வீடு கிடையாது. வெறும் வெளி, கீழே ஒரு சந்து. செங்கல்லைத் தொட்டால் மிஷின் முனக வேண்டும். இங்கே கொஞ்ச தூரம் முனகிவிட்டு, சட்டென்று பிடிமானம் போய், அதன் கம்பி முழுசாக உள்ளே இறங்கிவிட்டது. அவன் விரல்முட்டி சுவரில் போய் இடித்தது.

"உள்ள ஒண்ணுமே இல்ல" என்றான்.

மிஷினை வெளியே இழுத்ததும் துளையிலிருந்து பொடி கொட்டியது. சாம்பல் நிறம். மாவு அளவுக்கு நைசும் இல்லை, மணல் அளவுக்குச் சொரசொரப்பும் இல்லை. மழையில் வீடெல்லாம் நமுத்துக் கிடக்க, இது மட்டும் காய்ந்து போயிருந்தது. கூடவே ஒரு வாடை வந்தது. மேஸ்திரிக்குத் தெரிந்த வாடைதான். நெடுநாள் மூடியே கிடந்த வாய்க்கு ஒரு வாடை உண்டு. பழுதுபார்க்க வரும் பழைய பல்செட்டுகளில் அது ஒட்டிக்கொண்டு வரும்.

வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு துடைப்பம் எடுத்து வந்திருப்பார்கள். மேஸ்திரி ஓடிப்போய்க் காலி பாட்டில் எடுத்து வந்தாள். நிலவறைத் தரைக்குப் பசை தடவி மேலே எதையாவது தூவ வேண்டும். அப்போதுதான் அது தரை மாதிரி இருக்கும். ஆற்று மணலைத் தூவினால் இரண்டு விரல் மனிதனுக்கு அது பாறாங்கல். மாவைத் தூவினால் பூச்சி வரும். இந்த மாதிரி ஒரு பொடிக்காக அவள் எத்தனையோ நாளாக அலைந்திருக்கிறாள். இந்தக் கிறுக்குப் பிடித்தவர்களுக்குக் குப்பை என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

ரேடியோ சிரித்தான். "வீடே பொடியா வருது, நீ பாட்டிலைத் தூக்கிட்டு வர்ற."

"வர்றதை விடுவாங்களா? கடையில கிடைக்காது இது."

பாட்டில் நிறைந்ததும் பொடி கொட்டுவது நின்றது. அவள் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தாள். பலகையை எதிர்ச்சுவரில் அடித்தார்கள். துளையை யாரும் அடைக்கவில்லை.

நிலவறைக்கு வண்ணம் அடிப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் எல்லாவற்றுக்கும் கறுப்பு. இண்டு இடுக்கெல்லாம் கறுப்பு. அது காய்ந்த பிறகு, பிரஷ்ஷைச் சாம்பல் வண்ணத்தில் தோய்த்து, உடனே பழந்துணியில் துடைத்து எடுத்துவிட வேண்டும். வண்ணம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் வரை துடைக்க வேண்டும். அந்தக் காய்ந்த பிரஷ்ஷால் மெல்லத் தடவினால், எங்கெல்லாம் மேடு இருக்கிறதோ அங்கு மட்டும் வண்ணம் பிடிக்கும். அதுவரை ஒரே கறுப்பாக இருந்ததில் கற்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். மேஸ்திரிக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நேரம் அதுதான். கண்ணுக்குத் தெரியாமல் அங்கே என்ன இருந்ததோ அதைப் பிரஷ் காட்டிக்கொடுத்துவிடும்.

புதிய பொடி தூவிய தரைத் துண்டில் பிரஷ் காட்டிக்கொடுத்தது கல்லை அல்ல.

காலடித் தடங்கள்.

வெறுங்கால். ஐந்து ஐந்து விரல்களோடு. இரண்டு விரல் உயர மனிதனுக்கு என்ன அளவில் இருக்க வேண்டுமோ அந்த அளவு. தரைத் துண்டின் சுவரோரத்தில் தொடங்கி, நடுவில் வந்து, இரண்டு பாதங்களும் சேர்ந்து நின்றிருந்தன. அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னால் கதவு கிரீச்சிட்டது. துள்ளி எழுந்தாள்.

"மேஸ்திரி, நான்தான். வேற யாரு வருவா?" ரேடியோ வேலையிலிருந்து திரும்பியிருந்தான். "ஒரு டீ கிடைக்குமா?"

"இது உன் வேலைதானே?"

அவன் தரைத் துண்டைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சத்தியமா இல்ல. ஆனா யாரா இருந்தாலும் கால் கழுவிட்டு வரச் சொல்லு."

அவன் வேலைதான் என்று அவள் முடிவுகட்டினாள். அவன்மேல் பழியைப் போடுவதில் ஒரு வசதி இருந்தது. பயப்பட வேண்டியதில்லை. மறுபடி முழுக்கக் கறுப்பு அடித்துக் காயவைத்தாள். மறுநாள் பிரஷ்ஷை ஓட்டினாள்.

தடங்கள் நடுவில் இல்லை. தரைத் துண்டில் அவள் பக்கத்து விளிம்புக்கு வந்திருந்தன.

பசை காயும்போது இழுக்கும், இழுத்தால் மேடு பள்ளம் வரும். இது அவளுக்குத் தொழில்முறையில் தெரியும். ஐந்து விரல் வைத்து இழுக்காது என்பதும் தெரியும். அதைத் தாண்டி யோசிக்க விரும்பாமல் அடுத்த துண்டை எடுத்தாள். அது ஒரு மொட்டைச் சுவர். அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டிக் கல் வடிவம் ஏற்றியதைத் தவிர அவள் அதில் எதுவும் செதுக்கவில்லை. பிரஷ் போகப் போக அதில் ஒரு கதவு வந்தது. நிலை, பலகை, தாழ்ப்பாள், தாழ்ப்பாளைச் சுற்றி நகக்கீறல்கள். அவள் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக ஒரு கதவு செதுக்கியதில்லை.

தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் அழகாக இருந்தது. அழகாக வந்த ஒன்றைத் தூக்கிப் போட எந்த மேஸ்திரிக்கும் மனசு வராது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடியறைக்கு ஆட்டத்துக்கு ஆட்கள் வந்தார்கள். ரேடியோவின் அக்காதான் ஆட்டத்தை நடத்துகிறவள். மேஸ்திரிக்கு அண்ணி. பள்ளிக்கூட வாத்தியார். மேசையிலும் வாத்தியார்தான். கூடவே ஒரு பல் டாக்டர். தன் பழைய பல் கருவிகளை மேஸ்திரிக்குச் செதுக்குவதற்குக் கொடுத்துக் கொடுத்து நண்பராகிப் போனவர்.

அண்ணியின் மேசையில் ஒரு சட்டம் உண்டு. யார் எதைச் செய்வதாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதை அண்ணி கேட்டு, 'ஆச்சு' என்பாள். அவள் 'ஆச்சு' என்றால் அது நடந்துவிட்டது. சும்மா சொன்னேன், தமாஷுக்குச் சொன்னேன் என்பதெல்லாம் எடுபடாது. இப்படித்தான் டாக்டரின் பொம்மை ஒருமுறை விளையாட்டுப் பேச்சில் எரிமலைக்குள் குதித்தது.

மேசைமேல் இருந்த நிலவறைகளைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். பொம்மைகள் போகப் போகத் துணியை விலக்குவாள் அண்ணி. அன்றைக்கு ரேடியோ நல்ல உற்சாகத்தில் இருந்தான். அவன் பொம்மை ஒரு குழியில் விழுந்து கிடந்தது.

"ஏறி வெளிய வரேன்" என்றான்.

அண்ணி பகடையைப் பார்த்தாள். "ஆச்சு."

"நம்ம வேலையும் இதேதான். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன்கிட்ட மேல போகணுமா கீழ போகணுமான்னு கேட்டா, வெளிய போகணும்னுதான் சொல்வான்."

டாக்டர் மரியாதைக்குச் சிரித்தார். ரேடியோ பொம்மையை ஒரு மூடிய கோபுரத்துக்குள் திணித்துப் பார்த்து, "கதவு வெச்சுக் கொடு மேஸ்திரி, மூச்சு முட்டுது" என்றான். அண்ணி அடுத்த துணியை விலக்கினாள். அந்தக் கதவு தெரிந்தது.

"அம்மாடி, இதை எப்படி செஞ்ச?" என்றாள் அண்ணி.

நான் செய்யவில்லை என்று சொல்ல நினைத்தாள் மேஸ்திரி. எல்லோரும் பாராட்டும் முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் வரவில்லை.

"கதவைத் தட்டறேன்" என்றான் ரேடியோ.

டொக். டொக். டொக்.

பின்சுவரில் கேட்டது.

"பக்கத்து வீட்ல ஆணி அடிக்கிறாங்க போல" என்றார் டாக்டர்.

அந்தப் பக்கம் வீடே இல்லை என்று மேஸ்திரி சொல்வதற்குள் ரேடியோ தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். "பார்த்தீங்களா, மரியாதையா கூப்பிடறாங்க! கதவைத் திறந்து உள்ள போறேன்."

"ஆச்சு" என்றாள் அண்ணி.

மின்சாரம் போனது. மழைக்காகச் சன்னல்களை அடைத்திருந்தார்கள். அறை இருண்டது. அந்த வாடை, பல்செட்டு வாடை, மேசை வரைக்கும் வந்தது.

"மேஸ்திரி, நான்தான். வேற யாரு வருவா?"

குரல் ரேடியோவினுடையது. வந்த திசை அவன் நாற்காலி இல்லை. பின்சுவர்ப் பக்கம்.

"ரேடியோ கரண்ட் இல்லாமயே பாடுதே" என்று டாக்டர் இருட்டில் சிரித்தார்.

விளக்கு வந்தது. ரேடியோ தன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். வாயை இறுக மூடிக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. மேசையில் அவன் பொம்மையைக் காணவில்லை. மற்ற மூவரும் தரையில் தவழ்ந்து தேடினார்கள். அவன் மட்டும் தேடாமல், ஒரு வார்த்தை பேசாமல், கீழே இறங்கிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் ரேடியோ பாடவில்லை.

வேலைக்குப் போனான், வந்தான். கேட்டால் தலையை ஆட்டினான். மாடிப் பக்கம் திரும்புவதில்லை. சாப்பிடும்போது படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மேஸ்திரிக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு கவலை வந்தது. ஒருநாள் அவன் தலையணையில் சாம்பல் பொடி கிடந்தது. சீப்பை எடுத்துப் பார்த்தாள். பற்களுக்கு நடுவே அதே பொடி.

"உனக்கு என்ன ஆச்சு? வாயைத் திறந்து சொல்லேன்."

அவன் அவள் கையைப் பிடித்தான். விரல்கள் சில்லிட்டிருந்தன. மாடிப்படியை ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் காதருகில் வந்து, காற்று மாதிரி சொன்னான்.

"மேல பேசாதே."

அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டதற்குக் கண் கலங்கினானே தவிரப் பேசவில்லை. வருஷக்கணக்கில் வாய் மூடாத மனிதன் மூடினால் வீட்டில் எவ்வளவு இடம் காலியாகிவிடுகிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணியிடம் போனில் அழுதாள். தொண்டை டாக்டரிடம் காட்டச் சொன்னாள் அண்ணி.

அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் மாடியறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"வீடே பொடியா வருது, நீ பாட்டிலைத் தூக்கிட்டு வர்ற."

துடைப்பம் கையிலிருந்து விழுந்தது.

துளையிலிருந்து வந்தது. பழைய உற்சாகம், பழைய நக்கல், வார்த்தைக்கு முன்னால் இழுத்துவிடும் அந்தச் சின்ன மூச்சு வரை அவனேதான். அவள் சுவரில் காதை வைத்தாள். உள்ளே யாரோ மெல்ல உரசிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்கள்.

"மேஸ்திரி, நான்தான்."

"ரேடியோ?"

"கதவு வெச்சுக் கொடு மேஸ்திரி. மூச்சு முட்டுது."

எல்லாம் அப்போது அவளுக்கு விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தாள். அவன் உள்ளே போகிறேன் என்று சொன்னான், அண்ணி 'ஆச்சு' என்றாள், அது நடந்துவிட்டது. அவன் சுவருக்குள் இருக்கிறான். அப்படியானால், தினமும் அவளோடு சாப்பிட்டு, அவள் பக்கத்தில் படுத்து, தலையணையில் பொடி உதிர்த்துக்கொண்டு வாய் பேசாமல் இருப்பது யார்?

அன்று மாலை வேலையிலிருந்து வந்தவனை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டை நகர்த்தி வைத்தாள். அவன் கை நீட்டியபோது விலகிக்கொண்டாள். அவன் புரிந்துகொண்டான் என்று தோன்றியது. அது அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

அடுத்து வந்த நாட்களில், பல்செட் கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அவன் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் அவள் மாடியில் வேலை செய்தாள். சுவருக்குள் எந்த மாதிரி இடம் இருக்கும் என்று கணித்து, ஃபோமில் ஒடுக்கமான நீண்ட அறை ஒன்று அறுத்தாள். குண்டூசியை மடக்கிக் கீல் செய்து, நிஜமாகவே திறந்து மூடும் கதவு வைத்தாள். பாட்டிலில் மிச்சமிருந்த பொடி முழுவதையும் தரையில் தூவினாள். கறுப்பு அடித்தாள். சாம்பல் அடித்தாள். வேலை செய்யும்போதெல்லாம் துளையோடு பேசிக்கொண்டே இருந்தாள். உன்னை வெளியே கொண்டு வந்துவிடுவேன், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றாள். துளை டீ கேட்டது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மேஸ்திரி கட்டி முடித்த நாள் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நண்பகல். அறையை மேசை நடுவில் வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

அவன் வேலைக்குப் போகாமல் திரும்பி வந்திருந்தான். ஆட்டம் நடந்த அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக மாடிக்கு வந்தான். முழுக்க நனைந்திருந்தான். வாசலில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"கிட்ட வராதே" என்றாள்.

"மேஸ்திரி, நான்தான்" என்றது சுவர்.

வாசலில் நின்றவனின் முகம் கோணியது. கையெடுத்துக் கும்பிட்டான். வாயைத் தொட்டுக் காட்டினான், சுவரைக் காட்டினான், மறுபடி வாயைத் தொட்டான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் புருஷன் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து காதைத் தின்ற அந்த வாய் வேண்டும்.

"ரெண்டு பேர்ல ரேடியோ யாரோ, அவன் ஒரு ஜோக் சொல்லட்டும்."

வாசலில் நின்றவன் உதடு துடித்தது. சத்தம் வரவில்லை. அழுதான்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன்கிட்ட மேல போகணுமா கீழ போகணுமான்னு கேட்டா," என்றது சுவர், "வெளிய போகணும்னுதான் சொல்வான்."

மேஸ்திரி பொம்மைக் கதவைத் திறந்து வைத்தாள்.

"வெளிய வரேன்" என்றது சுவர்.

அவள் வாசலைப் பார்த்தாள். "நீ எங்கேருந்து வந்தியோ அங்கயே போ."

"ஆச்சு" என்றாள்.

சத்தம் எதுவும் இல்லை. வாடை மட்டும் ஒருமுறை எழுந்து அடங்கியது. வாசலில் யாரும் இல்லை. மழைத்தண்ணீர் சொட்டிய ஈரம் மட்டும் பலகைத் தரையில் வட்டமாக இருந்தது. அவளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பினாள். தலையிலிருந்து கால் வரை சாம்பல் பூசிக்கொண்டு ரேடியோ பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"மேஸ்திரி, நான்தான்" என்று சிரித்தான். "ஒரு டீ கிடைக்குமா?"

அவனைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையில் சாம்பல் கரைந்து இரண்டு பேர் உடம்பிலும் ஒழுகியது.

வீடு மறுபடி கலகலத்தது. டாக்டர் வந்து சிரித்துவிட்டுப் போனார். தம்பி பழையபடி ஆகிவிட்டான் என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் வேலையாக அந்தத் துளையை ரேடியோவே சிமென்ட் குழைத்து அடைத்தான். இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு வழவழப்பாக அவன் எதையும் செய்து அவள் பார்த்ததில்லை. வேலைக்குப் போகாமல், மாடியறையிலேயே உட்கார்ந்திருந்தான். மகிழ்ச்சியாக இருப்பவர்கள் கேள்வி கேட்பதில்லை. மேஸ்திரியும் கேட்கவில்லை.

ஒருநாள் பல்செட் கூடத்திலிருந்து அலுத்து வந்தாள். அம்மாவுக்குப் பழைய ஆபரேஷன் செய்த இடத்தில் மறுபடி வலி என்று போன் வந்திருந்தது. டீயை நீட்டிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நீ வந்து உக்காந்தது ஞாபகம் வந்துச்சு" என்றாள். "அப்ப நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

அவர்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் நடந்தது. அம்மா உள்ளே ஆபரேஷன் தியேட்டரில் இருந்தாள். தெரிந்தவர்கள் எல்லோரும் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். எதற்கும் வாய் ஓயாத ரேடியோ மட்டும் வந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்து, எச்சில் விழுங்கி, "எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. கூட உக்காந்துக்கட்டுமா?" என்றான். விடியும் வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தான். அந்த மௌனத்துக்காகத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள்.

ரேடியோ அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன்கிட்ட" என்று ஆரம்பித்தான்.

அவள் டீ டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள்.

அவன் சிரித்துக்கொண்டே ஜோக்கை முடித்தான். அதே மூச்சு, அதே இழுப்பு. திரும்பி வந்ததிலிருந்து அவன் பேசியதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பொடி, பாட்டில், டீ, கதவு, லிஃப்ட். எல்லாம் இந்த மாடியறையில், இந்தச் சுவருக்கு முன்னால் ஒருமுறை சொன்னவை. சமையலறையில் சொன்னது ஒன்றுகூட இல்லை. பஸ்ஸில் சொன்னது, படுக்கையில் சொன்னது, ஒன்றுகூட இல்லை.

மேல பேசாதே.

தலையணையில் கிடந்த பொடி. இருவருக்கும் ஒரே சீப்பு. தினமும் மாடியில் பொடிக்கு நடுவே உட்கார்ந்து வேலை செய்தவள் அவள்தான். அவள் தலையிலிருந்துதான் அது சீப்பு வழியாக அவன் தலைக்குப் போயிருக்கிறது.

உண்மையிலேயே பயந்தபோது, உண்மையிலேயே கலங்கியபோது வாயடைத்துப் போகிறவன் யார் என்று உலகத்திலேயே அவளுக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவனைப் பார்த்துத்தான் ஜோக் சொல்லு என்றாள்.

"குளிச்சிட்டு வாயேன்" என்றாள். "சுடுதண்ணி போட்டிருக்கேன்."

அவன் எழுந்து கீழே போனான். குளியலறைக் கதவு மூடியது. குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. மேஸ்திரி பல் சுரண்டும் கருவியை எடுத்துக்கொண்டு பின்சுவரில் மண்டியிட்டாள். சிமென்ட் இறுகியிருந்தது. விரல் கிழிந்து ரத்தம் வர வரச் சுரண்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. கடைசியில் ஒரு குண்டூசி அளவுக்கு இருட்டு தெரிந்தது.

காதை வைத்தாள். கீழே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு, வறண்டு போன தொண்டையிலிருந்து, கேட்கிறதா இல்லையா என்கிற மாதிரி.

"எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. மன்னிச்சுக்கோ என்று சொல்ல வேண்டும். வெளியே வா என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஆச்சு என்றும் சொல்லிவிட வேண்டும். கையை எடுத்து, துளையில் உதட்டை வைத்து, மூச்சை இழுத்தாள்.

"பேசாதே" என்றான் அவன் உள்ளேயிருந்து. "உன் பின்னாடி நிக்குது."

கீழே, திறந்துவிட்ட குழாயில், தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.